கணக்கறிக்கையில் கணக்கியல் கொள்கைப் பக்கங்கள் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உரக்கடையைச் செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாக நடத்துகிறீர்கள். ஆண்டறிக்கையில் எதை எப்படிக் கணக்கிட்டோம் என்று சொல்லும் கொள்கைப் பக்கங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து படியுங்கள். உங்கள் லாபம் எவ்வளவு என்பதையே தீர்மானிப்பது அந்தப் பக்கங்கள்தான்.

80,000 ரிங்கிட் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டு உழைக்கும், கடைசியில் மதிப்பு எதுவும் மிஞ்சாது என்று வைத்தால் ஆண்டுத் தேய்மானம், அதாவது விலையில் ஒவ்வோர் ஆண்டும் செலவாக எழுதும் பங்கு, 16,000. 8 ஆண்டு என்றால் 10,000. லாரி ஒன்றுதான், லாபத்தில் 6,000 வித்தியாசம். தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் ஓடும் லாரிக்கு எத்தனை ஆண்டு என்பது உங்களுக்குத்தான் தெரியும், கணக்காளருக்கு அல்ல. வருமான வரிக்கு இந்தத் தேய்மானம் செல்லாது. அங்கே அதற்குப் பதிலாக மூலதனப் படித்தொகை என்று வரிச் சட்டம் தரும் கழிவுக்குத் தனிக் கணக்கு.

அப்புறம் சரக்கு. 120 ரிங்கிட்டுக்கு வாங்கிய மூட்டை ஈரம் பட்டு இறுகி, 90-க்குத்தான் போகும் என்றால் அறிக்கையில் 120 என்று காட்ட முடியாது. விற்கும் செலவையும் கழித்து 90-க்கும் கீழேதான் காட்ட வேண்டும். ஆண்டு முடிவில் கிடங்குக்குள் போய் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்து எண்ணுங்கள்.

இவற்றுக்கான விதிகள் 2016 முதல் நடப்பிலுள்ள தனியார் நிறுவன அறிக்கைத் தரத்தில் இருக்கின்றன. நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள் அறிக்கை பங்குதாரர்களுக்குப் போக வேண்டும், அதன்பின் 30 நாளில் மலேசிய நிறுவன ஆணையத்துக்கு (SSM).