டெக்சாஸில் மார்ட்கேஜ் பாக்கி விழுந்தால்

தம்பி, மனைவிக்கு வேலை போனதில் இரண்டு மாத மார்ட்கேஜ் (வீட்டுக் கடன் தவணை) கட்டவில்லை, ஃபோர்குளோஷர் (கடன் பாக்கிக்காக வீட்டை ஏலம் விடுவது) வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் 3,000 டாலர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். கடன் கம்பெனியிடமிருந்து சலுகையை எழுத்தில் வாங்கித் தந்து, நீங்கள் அதற்குச் சம்மதிக்கும் முன்பே இப்படிப்பட்ட கம்பெனிகள் காசு வாங்குவது மத்திய அரசின் விதிப்படி சட்டவிரோதம்.

அந்த வேலையை இலவசமாகச் செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள். ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஹவுசிங் கவுன்சலர்களைச் சொல்கிறேன். 800-569-4287 என்ற எண்ணில் கூப்பிட்டால் உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். வரவு செலவை உங்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். கஷ்டத்தை விளக்கும் கடிதம் எழுத உதவுவார்கள், தேவைப்பட்டால் உங்களையும் வைத்துக்கொண்டே கம்பெனியிடம் பேசுவார்கள். பாக்கியைப் பிரித்துக் கட்டுவதா, கொஞ்ச நாள் தவணையைக் குறைப்பதா, கடனையே மாற்றி எழுதுவதா என்பது அங்கேதான் தெளிவாகும். எஸ்க்ரோவையும், அதாவது சொத்து வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணத்தையும், பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் சொத்து வரி ஏறியதாலேயே தவணை எகிறிய வீடுகள் நிறைய. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

அடுத்து, நாள் கணக்கு. பொதுவாக 120 நாளுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் கம்பெனி ஃபோர்குளோஷரைத் தொடங்க முடியும். ஆனால் டெக்சாஸில் பெரும்பாலும் கோர்ட்டுக்கே போவதில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம், அதற்கு 21 நாள் முன்பு நோட்டீஸ் கொடுத்தால் போதும். உங்கள் உதவி விண்ணப்பம் ஏலத்தைத் தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் ஏலத்துக்கு 37 நாளுக்கும் முன்னதாக முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கணக்குப் பாருங்கள்: ஏல நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும்! நம் ஆட்கள் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடி மறைப்பது இந்த நாட்களில்தான், அது எனக்கு மிகவும் வருத்தம். கவுன்சலரிடம் சொல்வது ஊருக்குத் தெரியப்போவதில்லை.

கம்பெனி அனுப்பும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். கிரெடிட் கார்டில் எடுத்துத் தவணை கட்டவும் வேண்டாம். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு சம்பளத்தில் தாங்காது என்று கவுன்சலர் சொன்னால், ஏலத்துக்கு முன் நீங்களே விற்றுவிடுங்கள். கடனைவிட வீட்டின் விலை அதிகம் என்றால் மிச்சப் பணமாவது கைக்கு வரும்.