பதில்: வலைக்கயிறு அடித்த விரல் நுனி நிமிரவில்லை

மீன்பிடி வேலையில் வலைக்கயிறு அடித்து அண்ணனின் விரல் நுனி நிமிரவில்லை, எண்ணெய் போட்டு நீவுகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். நீவுவதை இன்றே நிறுத்துங்கள். உங்கள் அண்ணனுக்குப் பெரும்பாலும் அறுந்திருப்பது தசைநாண். நீவினால் அது ஒட்டாது.

தசையை எலும்போடு பிணைக்கும் திசு அது. கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக ஓடுவதால் பெரிய இழுவையையும் தாங்கும். ஆனால் ரத்த ஓட்டம் குறைவு. அதனால்தான் மேல்தோல் காயம் சீக்கிரம் மூடினாலும் இது ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகிறது.

மற்றக் கையால் நுனியை மெல்ல நிமிர்த்தி, பிறகு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டதும் தொங்கினால் அநேகமாக இதுதான். தள்ளியும் நிமிராவிட்டால் காரணம் வேறு.

எலும்புச் சில்லும் பெயர்ந்திருக்கலாம், எக்ஸ்ரே அவசியம். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்கள். பத்து நாள்தான் ஆகிறது, இன்னும் சரியாக வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்ப்ளிண்ட் (நுனியை நிமிர்த்தி அசையாமல் பிடிக்கும் கட்டு) போட்டால் இரவும் பகலும் இருக்கணும். நடுவில் நுனி ஒருமுறை மடங்கினாலும் நாள் கணக்கு முதலிலிருந்து. கடல்தண்ணீர் உள்ளே தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும். ஸ்ப்ளிண்டைக் கழற்றும்வரை அவருக்குக் கரை வேலைதான்.