ஒட்டுத்துணிப் போர்வை டிசைனை நிறக் களிமண்ணிலேயே கொண்டுவர முடியுமா?

தாராளமாக முடியும். நிற மண்துண்டுகளை ஒட்டிச் செய்தால் காயும்போது ஒட்டிய இடத்தில் விரிசல் விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் துண்டுகளின் ஈரம் ஒரே அளவில் இல்லாததுதான்.

இந்த முறைக்கு ஜப்பானில் நெரிகோமி என்று பெயர். நிற மண்ணைப் பட்டை பட்டையாக அடுக்கிக் கட்டியாக்கி, குறுக்கே கம்பியால் அறுத்தால் ஒவ்வொரு வில்லையிலும் அதே டிசைன் வரும். மேலே பூசிய நிறம் இல்லை என்பதால் தட்டின் அடிப்பக்கத்திலும் அது தெரியும். சீனாவில் தாங் வம்சக் காலத்திலேயே இருநிற மண்ணைச் சேர்த்துப் பாத்திரம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு ஊர் ஆந்திராவில் உள்ள நகரி. விசைத்தறி ஊர், துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. பழஞ்சேலையில் தைத்த பொந்த, அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. டிசைனுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். துணியில் ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும்; மண்ணில் ஒரு கட்டி போதும். நடுவில் சிறு சதுர மண்குச்சி. அதன் அடுத்தடுத்த இரு பக்கம் அடர்நிறப் பட்டை, மற்ற இரு பக்கம் வெளிர்நிறப் பட்டை என்று சுற்றிச் சுற்றி ஒட்டுங்கள். அறுத்த நான்கு வில்லைகளை அடர்ந்த மூலைகள் நடுவில் சேரும்படி வைத்தால் பெரிய கரும் வைரம் ஒன்று எழும். ஒரு வில்லையைக் குப்புறப் போட்டால் கண்ணாடியில் பார்த்த மாதிரி டிசைன் திரும்பிவிடும். இந்த விளையாட்டுக்காகவே நான் மற்ற வேலையை விட்டுவிட்டு இதில் உட்காருவேன்.

விரிசலுக்கு வருவோம். எல்லா நிறமும் ஒரே மண்ணிலிருந்து பிரிந்ததாக இருக்கட்டும். பலமனேர்ச் செம்மண்ணையும் பாக்கெட் வெள்ளை மண்ணையும் ஒன்றாக ஒட்டாதீர்கள், இரண்டும் சுருங்கும் அளவு வேறு. வெள்ளை மண்ணைப் பங்கு போட்டு நிறப்பொடி கலந்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் ஸ்டெயின் (மண்பாண்டத்துக்கான தயார் நிறப்பொடி) என்றால் காய்ந்த மண் எடையில் 5 முதல் 10 சதவீதம். கோபால்ட் ஆக்சைடு 1 சதவீதமே அழுத்தமான நீலம் தரும். பொடி கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பொடி தண்ணீரை இழுக்கும், அதனால் நிற மண் கொஞ்சம் இறுகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக ஈரச்சாக்கில் சுற்றி ஒருநாள் வைத்து, விரலால் அழுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி குழிய வேண்டும். அப்புறம் அதே மண்ணின் குழம்பைத் தடவி ஒட்டுங்கள். ஒட்டிய கட்டியையும் மூடி ஒருநாள் விட்டுத்தான் அறுக்க வேண்டும்.

நம் பக்கத்து வெயிலில் காயவைப்பதுதான் பெரிய சோதனை. சித்திரையில் செய்தால் பாலித்தீன் மூடி, நிழலில், நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஓரம் முதலில் காய்ந்தால் போச்சு.

அறுத்ததும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம். விரல் பதியாத பதம் வந்ததும் தகட்டால் மெல்லச் சுரண்டினால் கோடுகள் பளிச்சென்று வெளியே வரும். சாப்பாட்டுத் தட்டு என்றால் மேலே நிறமற்ற கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) போட்டுச் சுடுங்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறியாமல் ஒருமுறை மட்டும் மடித்துப் பிசைந்து அகல் செய்து பாருங்கள். அதற்குமேல் பிசைந்தால் நிறமெல்லாம் கலந்து சாம்பலாகிவிடும்.