20 வார ஸ்கேனில் குழந்தையின் இரைப்பை தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

‘இரைப்பை தெரியவில்லை, மறுபடி பார்க்கவும்’ என்று ரிப்போர்ட்டில் இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். உடனே பதற வேண்டாம். ஸ்கேனில் நீர் கறுப்பாகத் தெரியும். குழந்தை பனிக்குட நீரை விழுங்குவதால்தான் இரைப்பை இடப்பக்கம், இதயத்துக்குக் கீழே, கறுப்புக் குமிழாகத் தெரிகிறது. அப்போதுதான் காலியாகியிருந்தால் குமிழ் இருக்காது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் நிறைந்திருக்கும்.

வலப்பக்கம் கண்ணீர்த்துளி போல இருப்பது பித்தப்பை. இடுப்புக்குள் தெரிவது சிறுநீர்ப்பை. அதன் இருபுறமும் தொப்புள்கொடித் தமனிகள் ஓடும். படத்தைப் பார்த்து இவற்றையே இரைப்பை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

திரும்பத் திரும்பப் பார்த்தும் குமிழ் இல்லையென்றால் உணவுக்குழாய் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘பனிக்குட நீர் அளவு சரி’ என்று இருப்பதை நம்பி மறு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த அடைப்பு இருந்தால் குழந்தை நீரை விழுங்க முடியாமல் நீர் கூடும்; ஆனால் அப்படிக் கூடுவது பெரும்பாலும் பிந்தைய மாதங்களில்தான்.