‘சிவல்ரி’ என்றால் என்ன? அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அதை ஏன் இன்னும் மதிக்கிறார்கள்?

பலம் உள்ளவர் அதைக் காட்டாமல், அடுத்தவருக்கு மதிப்புக் கொடுத்து நடந்துகொள்வதுதான் சிவல்ரி. குதிரைவீரனைக் குறிக்கும் ‘செவாலியே’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு சேர்ந்த சொல் இது. சிவாஜி கணேசன் 1995-இல் பெற்ற செவாலியே விருதிலும் இருப்பது அதே சொல்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் குதிரையும் வாளும் வைத்திருந்தவனைத் தட்டிக்கேட்க ஆள் குறைவு. அதனால்தான் சரணடைந்தவரைக் கொல்லாதே, கொடுத்த வாக்கை மீறாதே என்ற நெறிகள் தேவைப்பட்டன. எல்லா வீரர்களும் அப்படி நடந்தார்கள் என்றில்லை.

சரி, தெற்கு மாநிலங்களுக்கு வருவோம். அங்கே பலர் பெரியவர்களை ‘மேம்’, ‘சார்’ என்றுதான் அழைக்கிறார்கள். பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: இறுதி ஊர்வலம் எதிரே வந்தால், இறந்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் காரை ஓரங்கட்டி நிறுத்துவது. அந்த ஒரு நிமிடம் முன்பின் தெரியாத குடும்பத்துக்கு எவ்வளவு ஆறுதல்!

இரவில் எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்துகிறோம் இல்லையா, சிவல்ரியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது, அவ்வளவே.

சிவல்ரி என்றாலே ஆண் பெண்ணுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, ‘பெண்கள் பலவீனமானவர்கள் என்று சொல்வதுதானே இது?’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு செய்தவர்களும் உண்டு, ஆனால் கதவைப் பிடித்து நிற்பதை யாரும் யாருக்கும் செய்யலாம்.