ஷோகேஸுக்குள் ஒரு டீ செட்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் அம்மா ஒரு முழு டீ செட் வைத்திருந்தார்கள். ஆறு கோப்பை, ஆறு சாசர், டீபாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம். எல்லாவற்றிலும் ரோஜாப்பூ, விளிம்பில் தங்கக் கோடு. கேட்டோ மேனரிலிருந்து எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, அதை லாரியில் ஏற்றவிடாமல் சேலையில் சுற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள். இன்று என் மருமகள் பெரிய மக்கில் டீ பையைப் போட்டு, பையோடு நீட்டுகிறாள். விருந்தாளி வந்தாலும் அதே மக்குதான். நம் பாரம்பரியம் இப்படி அழிவதைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை? செட்டை விற்றுவிடலாம் என்கிறான் மகன். விற்கலாமா? இன்னொன்று: ரூய்போஸ் மூலிகையை டீபாட்டில் போடலாமா?
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாத்தியார் ஐயா, உங்கள் கடிதத்தில் அம்மா வருகிறார்கள், மருமகள் வருகிறாள், மகனும் வருகிறான். அந்தச் செட்டை எடுத்து நீங்கள் ஒரு நாளாவது டீ போட்டதாக மட்டும் ஒரு வரி இல்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்றும் வேலையை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, மேற்பார்வையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

சரி, அது என்ன பாரம்பரியம் என்று முதலில் பார்த்துவிடுவோம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து டர்பனில் இறங்கிய நம் ஒப்பந்தக் கூலி முன்னோர் பீங்கான் கோப்பையோடு இறங்கவில்லை. டர்பன் இருக்கும் நேட்டாலில் துரைமார் முதலில் காப்பி போட்டுப் பார்த்தார்கள். நோய் விழுந்து காப்பிச் செடி போயிற்று. 1877இல் ஸ்டாங்கருக்குப் பக்கத்தில் கியர்ஸ்னி தோட்டத்தில் ஹுலெட் துரை அசாம் விதையைக் கொண்டுவந்து தேயிலை போட்டார். இலை கிள்ளியது நம் ஆட்கள். ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895இல் போட்ட சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே சுதந்திரமாக இருக்க நினைத்தால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி வேறு. தேயிலை நம் கையில் இருந்தது. கோப்பையும் சாசரும் துரை பங்களாவில் இருந்தன. 1911இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் கிள்ளக் கை இல்லாமல் நேட்டால் தேயிலைத் தொழில் தேய்ந்து, கரும்பு அந்த இடத்தைப் பிடித்தது. ஹுலெட்டின் கியர்ஸ்னி வீட்டில் 1921இல் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இன்று கியர்ஸ்னி என்றால் பிள்ளைகளுக்கு, பிறகு போத்தாஸ் ஹில்லுக்கு இடம் மாறிய அந்தப் பள்ளிதான் ஞாபகம் வரும், தேயிலை அல்ல.

இடையில் ஒன்று. 1913இல் இங்கே டர்பன் பக்கத்தில் தாம் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த தம் பத்திரிகையில் உடல்நலம் பற்றித் தொடர் எழுதிய காந்தி, டீ, காப்பி, கோகோ மூன்றையும் விட்டுவிடச் சொன்னார். அவை ஒப்பந்தக் கூலிகளின் உழைப்பில் விளைபவை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். சத்தியாக்கிரகத்துக்குக் கூப்பிட்டபோது ஜெயிலுக்குப் போன நம் ஜனங்கள், டீ விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆக, செட் நம் வீட்டுக்குள் வந்தது பிற்பாடு. கொஞ்சம் காலூன்றி, ஒருவர் கடை வைத்து, ஒருவர் குமாஸ்தாவாகி, உங்களைப் போல ஒருவர் வாத்தியாராகி, வீட்டில் ஒரு லவுஞ்சும் அதில் ஒரு ஷோகேஸும் வந்த பிறகு. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. 1950இல் எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளப்பினார்களே, அப்போது வீட்டையும் மாமரத்தையும் கோயில் பக்கத்துத் திண்ணையையும் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு வந்தது எதற்கு என்று எனக்குப் புரிகிறது. உங்கள் அம்மாவுக்கு அந்தச் செட்டில் இருந்தது கௌரவம். அதைப் பாரம்பரியம் என்று பெயர் மாற்றி மருமகள் தலையில் ஏற்றுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அந்த நாளிலும் வீட்டு டீ எதில் குடித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? சட்டியில் பாலும் தேயிலையும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, எனாமல் குவளையிலோ எவர்சில்வர் டம்ளரிலோ ஊற்றிக் குடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பள்ளித் தலைமையாசிரியர், டாக்டர், இவர்களுக்குத்தான் ரோஜாப்பூ. பிள்ளைகள் அந்தக் கோப்பையைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். மற்ற நாளெல்லாம் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் ரப்பர் பேண்டும், எதற்கென்று தெரியாத ஒரு சாவியும், தண்ணீர் வரி ரசீதும் கிடக்கும். உங்கள் வீட்டுக் கிண்ணத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அப்படியே ஒரு கோப்பையைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். "போன் சைனா" என்று இருந்தால், அந்தப் பீங்கானில் ஏறக்குறையப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். 1790களில் இங்கிலாந்தில் ஸ்போடு குடும்பத்தார் தேற்றிய கலவை அது. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிவதெல்லாம் அந்தச் சாம்பலின் உபயம். புரட்டாசி விரதத்துக்கும் காவடிக்கும் தனிச் சட்டி பானை வைத்திருக்கும் வீடுகளில், பூசைக்கு வந்த ஐயருக்கு மரியாதையாக நீட்டியது இந்தக் கோப்பையைத்தான். ஐயரும் ஊதி ஊதிக் குடித்துவிட்டுத்தான் போனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வாரம் இதற்குத் தனியாக ஒரு கட்டுக் கடிதம் வரும்.

இனி மக்கு விஷயம். உங்கள் மருமகளை விட டீ பாக்கெட்தான் இதில் பெரிய குற்றவாளி. டீபாட் என்கிற பாத்திரம் முழு இலைக்காக உண்டானது. சுருண்ட இலை வெந்நீரில் விரிய இடம் வேண்டும், நாலைந்து நிமிடம் வேண்டும், அதுவரை சூடு இறங்கக் கூடாது. அதனால்தான் முதலில் வெந்நீர் ஊற்றி டீபாட்டைக் கழுவிச் சூடாக்குவது, மேலே கம்பளித் தொப்பி மாட்டுவது எல்லாம். 1930களில் அசாமில் சி.டி.சி. இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குறுணையாக்கிவிடும் இயந்திரம். குறுணையும் தூளும் இரண்டு நிமிடத்தில் நிறத்தையும் துவர்ப்பையும் கக்கிவிடும். அதைப் பையில் கட்டினார்கள். 1953இல் டெட்லி கம்பெனி பிரிட்டனில் டீ பையை இறக்கியது. அங்கே பிடித்தது இங்கேயும் வராமல் இருக்குமா? சூப்பர் மார்க்கெட்டில் ஜோக்கோ, ஃபைவ் ரோசஸ் டீ அடுக்கைப் பாருங்கள், முக்கால்வாசி பைதான். அந்தத் தூளை டீபாட்டில் போட்டு வைத்தால் முதல் கோப்பை குடிக்கலாம், இரண்டாவது கஷாயம். பைக்கு மக்குதான் சரியான இடம். ஆனால் ஊறிய பையை எடுக்காமல் நீட்டுவது தப்பு, அதில் உங்கள் பக்கம்தான் நான். மருமகளிடம் நீங்களே சொல்லுங்கள், பத்திரிகை வழியாக வேண்டாம்.

அப்புறம் கழுவுகிற கணக்கு. இரண்டு விருந்தாளிக்கு முறைப்படி டீ கொடுத்தால் கோப்பை, சாசர், டீபாட், அதன் மூடி, பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், அதற்கும் ஒரு மூடி, வடிகட்டி, கரண்டிகள், டிரே என்று தொட்டிக்குள் ஒரு கல்யாணப் பந்தியே இறங்கும். டீபாட்டின் மூக்குக்குள் பிரஷ் போகாது. தங்கக் கோட்டைப் பாத்திரம் கழுவும் இயந்திரம் அரித்துவிடும். ஆறிய டீயைச் சூடாக்கலாம் என்று மைக்ரோவேவில் வைத்தால் தங்கம் பொறி பறக்கும். உங்கள் அம்மா காலத்தில் இதைக் கழுவியது யார்? அம்மாவோ அக்காவோ வீட்டுக்கு வந்த அண்ணியோ. நீங்கள் லவுஞ்சில் விருந்தாளியோடு அரசியல் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள். மருமகள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது மணி ஆறோ ஏழோ ஆகியிருக்கும். ஒரு மக்கு, ஒரு கரண்டி. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுப்பேன்.

இதெல்லாம் சொன்னாலும், உங்கள் வருத்தம் முழுக்க வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீபாட்டில் இரண்டாவது கோப்பை இருக்கிறது. நடுவில் அது உட்கார்ந்திருக்கும்வரை விருந்தாளி எழுந்திருக்கமாட்டார். "இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா" என்று கேட்க ஒரு சாக்கு இருக்கும். மக்கு அவரவருக்குத் தனி. குடித்து முடித்தால் பேச்சும் முடிந்தது, கார் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். லோட் ஷெடிங் காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். டிவி இல்லை, வைஃபை இல்லை, எந்த வீட்டில் கேஸ் அடுப்பும் டீபாட்டும் இருந்ததோ அங்கே பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கரண்ட் வந்ததும் எழுந்து போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி குறைந்துவிட்டார், அதுதான் உண்மையான இழப்பு. ஷோகேஸைப் பூட்டிவைத்தாலும் திறந்துவைத்தாலும் அவர் தானாக வரப்போவதில்லை. நீங்கள்தான் போன் போட்டுக் கூப்பிட வேண்டும்.

விற்கலாமா என்றால், வேண்டாம். பணத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் தலைமுறையின் ஷோகேஸ்களையெல்லாம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் காலி செய்துகொண்டிருக்கும்போது யார் பெரிய விலை கொடுப்பார்? அம்மாவின் மடியைச் சொன்னால் கடைக்காரர் தலையாட்டுவார். பார்வை மட்டும் தங்கக் கோடு தேய்ந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்பதிலேயே இருக்கும். விரிசலை நீங்களே கண்டுபிடிக்கலாம். கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். நல்ல கோப்பை மணி மாதிரி இழுத்துச் சத்தம் போடும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். அதில் சூடான டீ ஊற்றாதீர்கள், கையில் உடையும். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடுத்து, பையில்லாத இலைத் தேயிலை வாங்கி, நீங்களே போட்டு, மருமகளை உட்காரவைத்து அவளுக்கு முதல் கோப்பையைக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அதே கோப்பையில். ஒன்று உடைந்தால் உடையட்டும், ஐந்து இருக்கிறது. கழுவுவதும் நீங்களேதான். டீக்கறைக்குச் சோடா உப்பைக் குழைத்து விரலால் தேய்த்தால் போதும்; கம்பி நாரை எடுத்தால் தங்கமும் போகும், ரோஜாவும் போகும்.

ரூய்போஸை டீபாட்டில் தாராளமாகப் போடலாம். சொல்லப்போனால் இன்றைக்கு டீபாட்டுக்கு ஏற்ற சரக்கு அதுதான். அது தேயிலையே அல்ல, கேப் பக்கம் செடர்பெர்க் மலையில் விளையும் வேறு செடி. காஃபீன் கிடையாது, துவர்ப்பும் குறைவு; பத்து நிமிடம் ஊறினாலும், மறந்துபோய் அரை மணி நேரம் விட்டாலும் கசக்காது. இரவில் தூக்கம் வரவில்லை என்கிற நம் வயதுக்காரர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். பை வாங்காமல் தூளாகவே வாங்குங்கள். ஊசி ஊசியாக இருப்பதால் வடிகட்டி மட்டும் சன்னமானதாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் டீபாட்டின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.