நடுவில் சுவரே இல்லாத நீளமான வீட்டை எப்படி அலங்கரிப்பது?

கேட்டிருப்பது இதுதான்: சேலத்தில் புதிதாகக் கட்டிய வீடு. ஹால், சாப்பிடும் இடம், சமையலறை மூன்றும் தடுப்பு இல்லாமல் ஒரே நீளத்தில் இருக்கின்றன. சோபா, டிவி, டைனிங் டேபிள் எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. ஆனாலும் வீடு வெறிச்சென்று இருக்கிறது, பேசினால் எதிரொலிக்கிறது. இன்னும் என்ன வாங்கலாம்?

எங்கள் வீடும் இதே அமைப்புதான். கன்னங்குறிச்சிப் பக்கம், 32 அடி நீளம், 14 அடி அகலம், வாசலில் நின்றால் கடைசி ஜன்னல் வரை தெரியும். அத்தை, மாமா, நாங்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் அந்த ஒரே இடத்தில்தான் பகல் முழுக்கப் புழங்குகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், கொஞ்ச நாளைக்கு எதையும் வாங்காதீர்கள். சுவர் ஒன்று இருந்தால் அது மறைக்கும், இடத்தைப் பிரிக்கும், ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளும், ஏசி குளிரைப் பிடித்து வைக்கும். இப்போது சுவர் இல்லை, அந்த வேலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. வீடு வெறிச்சென்று தெரிவது பொருள் குறைவதால் இல்லை, இந்த வேலைகளைச் செய்ய ஆள் இல்லாததால்தான். ஷோகேஸ் பொம்மையும் சுவர்ப் படமும் எத்தனை வாங்கினாலும் அது தீராது. என் அனுபவத்தில் அந்த வேலையில் பெரும்பகுதியைத் துணி செய்துவிடும். ஒரு பக்கம் பவானி, சென்னிமலை, இன்னொரு பக்கம் கரூர் என்று துணிக்கு நடுவில் இருக்கிற ஊர் நம்முடையது. இதற்கு வெளியே தேடவே வேண்டாம்.

எதிரொலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது சரியானாலே வீடு பாதி நிறைந்த மாதிரி ஆகிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ், பட்டி பார்த்து வழவழவென்று தேய்த்த சுவர், கிரானைட் மேடை, கண்ணாடி ஜன்னல் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறவை. நான்கு பேர் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும். இதற்கு முதல் மருந்து கனமான பருத்தி கர்ட்டன். ஜன்னல் 5 அடி அகலம் என்றால் துணி 10 முதல் 12 அடி அகலத்துக்கு இருக்கட்டும். தைப்பவர்கள் ஒன்றரை மடங்கு போதும் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மடிப்பு நிறைய இருந்தால்தான் சத்தம் அதற்குள் அடங்கும், பார்க்கவும் செழிப்பாக இருக்கும். ஜன்னல் அளவுக்கு மட்டும் தொங்கவிடாமல் சீலிங்கிலிருந்தே தொடங்கித் தரை வரை விடுங்கள். தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்கட்டும், அப்போதுதான் வீடு துடைக்கும்போது ஓரம் ஈரமாகி அழுக்குப் பிடிக்காது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்: துணி எதிரொலியைத்தான் குறைக்கும், மிக்சி சத்தத்தை நிறுத்தாது. மிக்சிக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் கிரானைட் அதிர்வது குறையும்.

இரண்டாவது, ஜமக்காளம். சோபா செட்டுக்கு நடுவில் சின்னதாக ஒரு கார்பெட் போட்டு, எல்லா நாற்காலியும் அதற்கு வெளியே நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அது இடத்தை இன்னும் காலியாகத்தான் காட்டும். சோபாவின் முன்னங்கால்களாவது விரிப்பின் மேல் ஏற வேண்டும். 6க்கு 9 அடிக்குக் குறையாமல் எடுங்கள். அந்த விரிப்பின் விளிம்புதான் இனி உங்கள் ஹாலின் எல்லை. நான் போட்டிருப்பது பவானி ஜமக்காளம், பட்டை பட்டையாகக் கெட்டிச் சிவப்பும் பச்சையும் வரும் பழைய பாணி. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது அது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறிச் சட்டப்படி ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்ற பெயரில் விற்கிறார்கள். கோவை போகும் வழிதானே, ஒரு நடை இறங்கி அங்கே கைத்தறிக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள், கொடுக்கிற காசு நெய்தவருக்குப் போய்ச் சேரும். ஜமக்காளம் மெல்லியது என்பதால் அடியில் வழுக்காத ஃபோம் ஷீட் ஒன்று போட்டால் காலுக்கும் இதமாக இருக்கும், சத்தத்துக்கும் நல்லது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் மட்டும் எந்த விரிப்பும் வேண்டாம். சாம்பாரும் ரசமும் சிந்துகிற இடம், வெறும் தரைதான் அங்கே சரி.

சுவர் இல்லாத வீடு என்றதும் வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்து வராது என்று மாமா முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேலம் குகைப் பகுதியில் என் அம்மாயி வீடு நெசவு வீடு. வாசலை ஒட்டிக் குழித்தறி, அதைத் தாண்டிப் பாய் விரித்து உட்காரும் இடம், கடைசியில் அடுப்பு, எல்லாம் ஒரே நீளம்தான். நடுவில் கதவு கிடையாது. ஆனால் எது எங்கே முடிகிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்கான பொருள் மட்டுமே அங்கே இருந்தது. வெளிச்சம் தறிக்கு விழுகிற மாதிரி ஜன்னல் இருந்தது. உங்கள் வீட்டிலும் பொருளை வைக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இந்த இடத்தில் யார் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார்கள்? பதில் இல்லாத மூலையைக் காலியாகவே விடுங்கள்.

சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிவிடுவது நம் பழக்கம். நீளமான வீட்டில் அதை இழுத்து, முதுகு சாப்பாட்டு மேசைப் பக்கம் இருக்கும்படி குறுக்கே போடுங்கள். அந்த முதுகே தடுப்பு. சுற்றி நடக்க 3 அடியாவது விட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, கடைகளில் பல சோபாக்களின் பின்பக்கம் மெல்லிய கறுப்புத் துணி அடித்து முடித்திருக்கும், சுவரோரம் போடுவதற்காகச் செய்தவை அவை. முன்பக்கத் துணியிலேயே பின்னாலும் அடித்துத் தரச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் சோபா உயரத்துக்கு ஒரு தாழ்வான புத்தக அலமாரியை முதுகோடு ஒட்டிப் போடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாமான் எல்லாம் அதற்குள் போய்விடும்.

இனி விளக்கு. மூன்று இடத்துக்கும் மூன்று சுவிட்ச் இருக்க வேண்டும். சாப்பிடும்போது ஹாலை இருட்டாக்கினால் மேசையைச் சுற்றி மட்டும் ஒரு அறை உருவாகும், எந்த மரத் தடுப்பும் அதைப் போலச் செய்யாது. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், சமையல் மேடைக்கு 4000 கெல்வின். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியை இவற்றோடு கலந்தால் ஒரே பார்வையில் மூன்று நிறத்தில் சுவர் தெரியும், கண்ணை உறுத்தும். மேசைக்கு மேல் தொங்குகிற விளக்கு மேசைப் பலகையிலிருந்து சுமார் 30 முதல் 34 அங்குலம் உயரத்தில் இருக்கலாம். நம் ஊரில் வருடம் முழுக்க ஃபேன் ஓடும். வயரில் தொங்கும் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் கம்பியில் நிற்கும் வகையைக் கேளுங்கள். ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே சீலிங் லைட் வைத்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

மறைப்பு விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. புத்தகங்களில் வரும் திறந்த வீட்டுப் படங்களில் வாசலில் நிற்பவருக்கு வீடு முழுக்கத் தெரியும். கூரியர் கொடுக்க வருகிறவருக்கு எங்கள் அடுப்படி தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அத்தை தரையில் சம்மணம் போட்டுக் காய் நறுக்குவார். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்து உள்ளே போக வேண்டியிருந்தால் அந்த வீடு அவருக்கு வீடு ஆகுமா? கதவுக்கு நேரே 4 அடி அகலத்துக்கு மரச்சட்டத் தடுப்பு ஒன்று வைத்தோம். சட்டங்களுக்கு இடையே விரல் அளவு இடைவெளி, காற்றும் வெளிச்சமும் வரும், பார்வை மட்டும் போகாது. அதன் நடுவில் தம்மம்பட்டி மரச்சிற்பம் ஒன்றைப் பதித்திருக்கிறோம். வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சிற்பம், ஓவியம் எல்லாம் அந்த ஒரு இடத்தோடு போதும், திறந்த வீட்டில் எல்லாமே ஒன்றாகக் கண்ணில் படுவதால் இரண்டாவது ஒன்று வைத்தால் முதலாவதன் மதிப்பும் குறைகிறது.

பூஜை அலமாரியை மறந்துவிடாதீர்கள். தனி அறை இல்லை என்றால் ஃபேன் காற்றும் ஏசி காற்றும் படாத மூலை எது என்று முதலில் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். புகை நேராக மேலே போகும் இடத்தில்தான் விளக்கு அணையாமல் நிற்கும். இருபக்கமும் பலகை வைத்து மாடம் போலச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்து வெயில். சித்திரை, வைகாசியில் சேலம் 40 டிகிரியைத் தொடும். 1.5 டன் ஏசி என்பது பொதுவாக 150 முதல் 180 சதுர அடி அறைக்குப் போடுவது. 450 சதுர அடி திறந்த இடத்தில் அதை மாட்டினால் கரண்ட் பில்தான் ஏறும். சோபா முதுகுக்கு நேர் மேலே சீலிங்கில் ஒரு கர்ட்டன் டிராக் ஓட்டி, கனமான துணியை மாட்டிவிடுங்கள். மதியம் இழுத்துவிட்டால் ஹால் தனி அறையாகிவிடும். பிள்ளைகள் படிக்கும்போதும், ஊரிலிருந்து வந்தவர்கள் ஹாலில் படுக்கும்போதும் அதே திரைதான் கைகொடுக்கிறது. வெயில் தணிந்ததும் தள்ளிவிட்டால் சுவரோரம் ஒரு முழ அகலத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அடுப்பிலிருந்து 4 அடியாவது தள்ளித்தான் எந்தத் துணியும் இருக்க வேண்டும்.

வர மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர்கள் எல்லோரும் இருமுவார்கள், கர்ட்டனில் வாசனையும் ஏறும். அதனால் சிம்னியின் குழாய் கட்டாயம் வெளியே போகட்டும். உள்ளேயே வடிகட்டிச் சுற்றிவிடுகிற வகை நம் சமையலுக்குப் போதாது. பின்பக்கம் சின்ன வேலைப்பகுதி இருந்தால் ஒரு அடுப்பை அங்கே வைத்து மீனும் வறுவலும் அங்கே செய்யலாம்.

பெயிண்ட்டில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஹாலிலிருந்து அடுப்படி வரை ஓடும் சுவர் ஒரே நிறம். நிறம் மாற்ற ஆசை இருந்தால் சுவர் திரும்பும் மூலையில் மாற்றுங்கள், நடுச்சுவரில் வேண்டாம்.

செடி வைப்பவர்களுக்கு ஒன்று. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நர்சரியில் பார்க்கும் பிகோனியாவும் ஜெரேனியமும் மனதை இழுக்கும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்தவை அவை, கீழே நம் வெயிலில் நிற்காது. மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை, அரேகா பனை மூன்றும் வீட்டுக்குள் தாங்கும். எங்கள் வடக்கு ஜன்னலில் சேர்வராயன் மலை முழுசாகத் தெரிகிறது, அங்கே மட்டும் செடியும் வைக்கவில்லை, கர்ட்டனும் மெல்லிய வெள்ளைத் துணிதான். உங்கள் வீட்டின் நீளம் எந்த ஜன்னலில் போய் முடிகிறதோ அதை அடைத்துவிடாதீர்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சோபாவைக் குறுக்கே போட முடிவு செய்தால் அதற்குப் பக்கத்தில் தரையில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், மூன்று சுவிட்சுக்கும் தனித்தனி வயர் வேண்டும், கர்ட்டன் டிராக்குக்குச் சீலிங்கில் பிடிப்பு வேண்டும். அதனால் முதலில் எலக்ட்ரீஷியனையும் ஆசாரியையும் ஒரே நாளில் வரவழைத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். கர்ட்டன் துணி அதற்கு அடுத்து, ஜமக்காளம் அதற்கும் பிறகு.